வரைபடத்தின் இடப்பக்கம்

கடைக்குள் யார் தலையை நீட்டினாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "உக்காருங்க, அரை நிமிஷம்." பெஞ்சில் ஏற்கெனவே இடம் இல்லாமல் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அரை நிமிஷத்தில் ஒருவர் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை படித்து, மடித்து, அதன்மேலேயே ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம். ஊரில் அவருக்கு "அரை நிமிஷம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. சலூன் பலகையில் இருந்த பெயரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலை, ஒரு வங்கி ஊழியருக்கு முடி வெட்டி முடித்துத் துணியை உதறினார். "ஆச்சு, பாத்துக்கோங்க" என்றார்.

வங்கிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். தலையின் வலது பாதி கச்சிதமாக இருந்தது. இடது பாதி, அவர் காலையில் எப்படி எழுந்து வந்தாரோ அப்படியே இருந்தது. முதலில் அவர் சிரித்தார். "என்ன மாஸ்டர், மீதி அடுத்த மாசமா?"

"எந்த மீதி?" என்றார் அரை நிமிஷம். கேலி பேசுகிற குரல் அல்ல. தொழிலில் குறை சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பக்கத்து நாற்காலியில் வேலையாக இருந்த மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, திரும்பிப் பார்த்தான். மச்சானின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கையிலிருந்த சீப்பு தரையில் கிடந்தது. கை மட்டும் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோல் அந்தரத்தில் நின்றது. மச்சினன் கத்திரியைப் போட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தான். வங்கிக்காரர் பாதித் தலையோடு ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தார். நல்ல மனிதர், மீதியை வெட்டிக்கொள்ளக்கூட அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். உயிர் தப்பியது, பேச்சு திரும்பியது, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடந்தது, கையும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. ஆனால் இடப்பக்கம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமலே போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்க்கத்தான் செய்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சட்டை செய்வதில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "என்ன, வர வர அளந்து போடற?" என்று மனைவியிடம் குறைப்படுவார். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். மீதிச் சாப்பாடு வானத்திலிருந்து இறங்கியதுபோல் அவர் முன்னால் வந்து நிற்கும். "இத முதல்லயே வெச்சா என்ன?" என்பார். நோயைவிடப் பெரிய நோய் இதுதான்: தனக்கு ஒன்று தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், யாரோ தன்மேல் வீண்பழி போடுகிறார்கள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் நாற்காலிக்குப் பின்னால், தன் கத்திரியோடு, மறுபடி நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

"கத்திரியைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு முதல்ல உங்க தலை ஒத்துக்கட்டும்."

"என் தலை எல்லாத்தையும் ஒத்துக்கும். நீங்க கடைக்கு எப்ப போகலாம்னு சொல்லுங்க."

"தலை ஒத்துக்கிட்ட அன்னிக்கு."

அந்த ரயில் விளையாட்டைக் கொண்டுவந்தது மச்சினன்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவன் போனில் விளையாடுவது. அட்டையில் பரப்பி வைத்து ஆடுகிற ஆட்டம்தான், திரைக்கு வந்திருக்கிறது. ஒரு நாட்டின் வரைபடம், ஊர்களுக்கு நடுவே வண்ண வண்ணமாகக் காலிக் கட்டங்கள். ஒரே வண்ணச் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, அந்த வண்ணக் கட்டங்களில் நம் ரயில்பெட்டிகளை வரிசையாக வைத்தால் அந்தப் பாதை நமக்குச் சொந்தம். பிறகு வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. ஆட்ட ஆரம்பத்தில் ஆளுக்குச் சில பயணச்சீட்டுகள் ரகசியமாக வரும். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் பாதை போட்டு முடித்தால் புள்ளி ஏறும், முடிக்காமல் விட்டால் அதே புள்ளி இறங்கும். மச்சினன் கடையிலிருந்து போனில் ஆட, மச்சான் வீட்டிலிருந்து டேப்லெட்டில் ஆடலாம். ஒருவர் வைத்ததும் மற்றவருக்கு ஒரு சின்ன ரயில் விசில் கேட்கும்.

முதல் ஆட்டத்திலேயே தகராறு. வந்த பயணச்சீட்டுகளில் ஒன்று மேற்குக் கரையில் இருந்த ஒரு துறைமுகத்துக்கு. அவர் திரையை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இத செஞ்சவன் துறைமுகத்தையே போட மறந்துட்டான். பயணச்சீட்டுல இருக்கு, படத்துல இல்ல. கம்பெனிக்கு எழுதிப் போடணும்."

துறைமுகம் படத்தில் இருந்தது. நங்கூரச் சின்னத்தோடு, இடது ஓரத்தில், கொட்டை எழுத்தில். அவள் அவர் தாடையைப் பிடித்துத் தலையை இடப்பக்கம் திருப்பினாள்.

"அட" என்றார் அவர். சற்று யோசித்தார். "இப்பதான் போட்டிருக்கான்."

அவள் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். தெருமுனை வரைக்கும் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு என்னவாக மாறியது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் அன்று அவள் மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்த வேகத்தில் வந்தவர்கள் வாயே திறக்கவில்லை.

பயிற்சிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அவளுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். டேப்லெட் அவருக்கு நேர் எதிரே, மேஜை நடுவில், அசையாமல் இருக்க வேண்டும். படம் அவரிடம் வரக் கூடாது, அவர் தலைதான் படத்திடம் போக வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் லேசுப்பட்டவரா? மனைவி வேலைக்குப் போனதும் டேப்லெட்டை மெல்ல வலப்பக்கம் நகர்த்திவிடுவார். அங்கே போனால் துறைமுகம் முதற்கொண்டு எல்லாம் தானே தெரியும். ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், இடது வலதாகிவிடும் அல்லவா? ஆனால் இவர் திருப்பத் திருப்ப, படமும் கூடவே திரும்பி நேராக நின்றது. அட்டை ஆட்டமாக இருந்தால் மேஜையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கருவி அவரைவிடப் பிடிவாதம் பிடித்தது. கடைசியில் மனைவி கையும் களவுமாகப் பிடித்து, அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பால் அதை மேஜையோடு சேர்த்து ஒட்டிவிட்டாள்.

"யார் கண்ணுல மண்ணத் தூவறீங்க? எனக்கா, உங்களுக்கா?"

"சும்மா துடைக்கறதுக்கு எடுத்தேன்."

"இனிமே ஒட்டினபடியே துடைங்க."

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். ஒன்றல்ல, வரிசையாக. விசில் அடிக்கும், பெட்டி வைப்பார், விசில் அடிக்கும், பெட்டி வைப்பார். ஆட்டம் முடிந்து திரையில் பட்டாசு வெடிக்கும்போது வீடு அதிரும்படி கூப்பாடு போடுவார். சாயங்காலம் மச்சினன் வந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"என்ன மாப்ள, கண்ண மூடிட்டு ஆடறியா? முடிவெட்டத்தான் வரலன்னு நெனச்சேன், இதுவுமா வரல?"

"உங்க அளவுக்கு வருமா மச்சான்" என்பான் அவன், தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் அப்படி ஜெயித்த கையோடு அறிவித்துவிட்டார். "திங்கக்கிழமை கடைக்கு வரேன். மொத நாற்காலிய துடைச்சு வை."

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஆட்டம் முடிந்த திரை இன்னும் அணையாமல் இருந்தது. யார் எங்கே பாதை போட்டார்கள் என்று வண்ணத்தில் காட்டும் கடைசிப் படம். அவள் குனிந்து பார்த்தாள். கணவரின் சிவப்புப் பெட்டிகள் முழுக்க முழுக்கப் படத்தின் வலது பாதியில் மொய்த்துக் கிடந்தன. இடது பாதியில் பேருக்குக்கூட ஒன்று இல்லை. தம்பியின் நீலப் பெட்டிகளோ இடது பாதியில் மட்டும், எந்த ஊரையும் எந்த ஊரோடும் சேர்க்காமல், காணாமல் போன ஆடுகள்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. அவன் ஆடவில்லை. மச்சானுக்குத் தெரிகிற பாதியை மச்சானுக்கே விட்டுவிட்டு, தெரியாத பாதியில் சும்மா பெட்டி வைத்து நேரத்தைப் போக்கியிருக்கிறான்.

"டேய்" என்றாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

"அக்கா, வந்து…"

"அவர்கிட்ட நீயே சொல்லு."

அவன் சொன்னான். மச்சான் கடைசி வரை கேட்டுக்கொண்டார். பேசியபோது குரல் உயரவில்லை. அதுதான் இருவரையும் பயமுறுத்தியது.

"மொத நாற்காலி பழகிருச்சா மாப்ள? நான் வீட்லயே உக்காந்து பொம்மை ரயில் ஓட்டிட்டிருந்தா வசதியா இருக்கா?"

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த நாற்காலிப் பக்கம் நான் போனதே இல்ல மச்சான். இன்னிக்கு வரைக்கும் என் இடத்துலதான் நின்னு வெட்டறேன். வேணும்னா பெஞ்சுல உக்கார்றவங்கள கேளுங்க. தோத்துப்போனா நீங்க விளையாட்ட தூக்கிப் போட்டுடுவீங்க, அப்புறம் தலைய திருப்பவே மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மச்சான் திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் தன் சிவப்பு வரிசைகள் மட்டுமே தெரிந்தன, அழகாக, குறையே இல்லாமல். நீலம் எங்கே என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. மனைவி செய்வதுபோல் தாடையைத் தானே பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். பாதி நாடு அங்கே கிடந்தது.

இத்தனை நாள் ஜெயித்ததெல்லாம் பாதி நாட்டில். அந்த மனிதருக்கு அன்று வந்த வெட்கத்தைப்போல் ஒன்று அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. கோபம்கூடப் பரவாயில்லை, அதை யார்மேலாவது கொட்டலாம். இதைக் கொட்ட இடமில்லை. மற்ற இருவரும் எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பார்.

பிறகு கேட்டார். "நெஜமா ஆடுவியா?"

"ஆடறேன்."

"இரக்கப்பட்டா தெரிஞ்சுரும். எங்க வலிக்குமோ அங்க மறிக்கணும்."

"மறிக்கறேன் மச்சான்."

சொன்னபடியே செய்தான் பாவி. துறைமுகத்திலிருந்து கிளம்பும் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். மச்சான் வாரக்கணக்கில் தோற்றார். தோற்பது என்றால் சாதாரணத் தோல்வி அல்ல, புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போகிற தோல்வி. பெட்டி வைத்துவிட்டதாக அவர் நினைத்த இடத்தில் பெட்டி இருக்காது. அடைபட்ட பாதைக்காகச் சீட்டு சேர்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் மேஜையை ஓங்கிக் குத்தினார். டேப் போட்டிருந்ததால் டேப்லெட் தப்பியது. இன்னொரு நாள் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஆனால் விசில் அடித்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் இதற்குமுன் எத்தனையோ பிடிவாதங்கள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் உப்புச்சப்பில்லாத காரணங்களுக்காக. இந்த முறை காரணம் உருப்படியானது.

வழி ஒன்று அவராகவே கண்டுபிடித்தார். இத்தனை வருஷமும் எந்தத் தலையையும் அவர் வலது காதோரம்தான் தொடங்குவார், கை அப்படியே பழகிவிட்டது. எதையும் வலமிருந்து தொடங்கி, எங்கே தீர்ந்ததாகத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்திவிடுவது. இனி அது கூடாது என்று முடிவு செய்தார். இன்னும் முழு பலம் வராத இடது கையைத் தூக்கி டேப்லெட்டின் இடது ஓரத்தில் ஒட்டினாற்போல் வைத்தார். ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கையைத் தேட வேண்டும். கை கண்ணில் படும்வரை தலை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் கடல், கடலுக்குப் பிறகு துறைமுகம், அதற்குப் பிறகு மற்ற ஊர்கள். ஒரு பெட்டி வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் கடையில் மச்சினன் ஒருவருக்கு ஷேவிங்கே முடித்துவிட்டான்.

"கட்டைவிரல், கடல், துறைமுகம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுவார். குளிக்கும்போதும் அதையே முணுமுணுத்தார். மனைவி, "போதும் போதும், நான் வேணும்னா அந்தத் துறைமுகத்துலயே வீடு பாக்கறேன்" என்றாள்.

கடைக்கு வார விடுமுறை நாளில், பகலில், மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மச்சினன் எதிரே போனுடன். அவருக்கு வந்த பயணச்சீட்டுகளில் மிக நீளமானதை அவர் வைத்துக்கொண்டார்: துறைமுகத்திலிருந்து கிழக்குக் கோடி வரை. ஜெயித்தால் கடைக்குப் போகலாம் என்று மனைவி வாய் தவறிச் சொல்லியிருந்தாள்.

மச்சினன் வழக்கம்போல் மலையடிவாரத்துப் பாதையை மறித்தான். விசில் அடித்தது. கட்டைவிரல், கடல், துறைமுகம். அவர் தலை மெல்ல நகர்ந்தது. "மறிச்சிட்டான்" என்றார், ஏதோ விருந்தாளி வந்துவிட்டதுபோல் சந்தோஷமாக. வடக்கே சுற்றிக்கொண்டு போனார். மச்சினன் அங்கேயும் கைவைத்தான். அவர் இன்னும் வடக்கே போனார். சிவப்பு வரிசை ஊர் ஊராக ஏறி, சரிந்து, கிழக்குக் கோடியில் போய் நின்றது.

"முடிஞ்சுது" என்றார்.

மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வடமேற்கில், இரண்டு சின்ன ஊர்களுக்கு நடுவே, ஒரே ஒரு துண்டு காலியாக இருந்தது. அவனிடம் இன்னும் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம், அதை எங்காவது வைத்தால் ஆட்டம் தீர்ந்துவிடும். அவன் விரலைத் தூக்கியபடி அக்காவைப் பார்த்தான். வை என்பதுபோல் அக்கா லேசாகத் தலையாட்டினாள். நெஞ்சு வலிக்க வலிக்கத்தான் ஆட்டினாள். அவன் வைத்தான்.

திரை எண்ணத் தொடங்குவதற்குள் அவர், "இரு" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் தன் இடது கையைத் தேடினார். கட்டைவிரல். கடல். துறைமுகம். விரலால் பாதையைத் தொட்டுக்கொண்டே வந்தார், ஒவ்வொரு ஊராக, அவசரமே இல்லாமல். விரல் நின்றது.

"இங்க விட்டிருக்கேன்" என்றார்.

எண்ணிக்கை வந்தது. நீண்ட பயணச்சீட்டு கழிந்து அவர் தோற்றார். பட்டாசு மச்சினனின் போனில் வெடித்தது. அவன் அதை அவசர அவசரமாக அணைத்தான்.

"தோத்துட்டேன். சரி" என்றார் அரை நிமிஷம். ஆனால் அவர் முகம் தோற்றவர் முகமாக இல்லை. இத்தனை மாதங்களில் அவர் விட்டதை மற்றவர்கள்தான் காட்டினார்கள், அவர் நம்பவே இல்லை. இது அவரே பார்த்தது. "மாப்ள, கடைச் சாவி இருக்கா?"

"என்னங்க, தோத்தீங்கல்ல?" என்றாள் மனைவி.

"தோத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா. விடாம வெட்டறவன்னு யாரும் கிடையாது. எல்லாரும் ஒரு முடி விடுவாங்க. விட்டது தெரியுதா இல்லையா, அதான் கேள்வி."

சவரக்கத்தி கூடாது, கத்திரி மட்டும் பிடிக்கலாம், அதுவும் கூட ஆள் இருக்கும்போது, அதுவும் வீட்டு மனிதர் தலையில் என்று பயிற்சிப் பெண் சென்ற வாரம்தான் அனுமதித்திருந்தாள். விடுமுறை என்பதால் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கினார்கள். முதல் நாற்காலியின்மேல் மச்சினன் ஒரு சுத்தமான துண்டைப் போர்த்தி வைத்திருந்தான், அது ஒரு தலைமுடிகூட ஒட்டாமல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அன்று தான் கேட்ட கேள்வி அவருக்கு நினைவு வந்தது. மச்சினன் தோளை அழுத்தி அதில் உட்கார வைத்தார்.

"வாயத் திறக்கக் கூடாது. கண்ணாடிய பாத்து மூஞ்சியக் கோணக் கூடாது. நான் விட்டா நானே கண்டுபிடிக்கணும்."

மச்சினன் கண்களை இறுக மூடிக்கொண்டான். மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர் இடது கையை மச்சினனின் இடது காதின்மேல் வைத்தார். அங்கிருந்து தொடங்கினார். கத்திரிச் சத்தம் முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரு சீராகக் கேட்டது. அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று மனைவி நினைத்தாள். இப்போது எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். பின்கழுத்து, வலது காது, நெற்றி. கத்திரியை வைத்தார்.

மனைவிக்குத் தெரிந்தது. இடது காதுக்குப் பின்னால், அவர் கையை வைத்திருந்த இடத்துக்கு அடியில், ஒரு கொத்து முடி நின்றுகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி, அது எங்கே போகிறதென்று தலையைத் திருப்பிப் பார்த்தார். தன் கட்டைவிரலைக் கண்டார். கட்டைவிரலைப் பின்தொடர்ந்து காதைக் கண்டார். காதை மடக்கினார்.

"விட்டிருக்கேன்!" என்று கத்தினார், தெருவுக்கே கேட்கும்படி.

பெஞ்சில் மனைவி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

"எதுக்கு இப்ப அழற? அதான் கண்டுபிடிச்சிட்டேன்ல" என்று சொல்லிவிட்டு அவர் கத்திரியை எடுத்தார்.